கண்மாய்க்கரைக் கேள்விகள்: செட்டிநாட்டில் ஒரு காட்டுயிர் ஆய்வாளரிடம் அடிக்கடி கேட்பவை

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கத்துக் கண்மாய்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பதும், அதைப் பற்றித் தமிழில் எழுதுவதும் என் பிழைப்பு. பள்ளிக்கூடம், கல்யாண வீடு, டீக்கடை என எங்கே போனாலும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சில கேள்விக்குப் பதில் நீளும், சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

உங்கள் வேலைதான் என்ன? வனத்துறையில் இருக்கிறீர்களா?

இல்லை. வனத்துறை அதிகாரிக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு, எனக்கு நோட்டுப் புத்தகமும் பைனாகுலரும் மட்டும்தான். எந்தப் பறவை எந்தக் கண்மாயில் எத்தனை, கூடு எத்தனை, குஞ்சு பிழைத்ததா, பிழைக்கவில்லை என்றால் ஏன் என்று பார்ப்பது பாதி வேலை. அதை ஊராட்சித் தலைவருக்கும், கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரருக்கும் புரியும்படி சொல்வது மீதி.

புலி, யானை இல்லாத ஊரில் என்ன ஆராய்ச்சி?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டவை அதில் மிகச் சில. நாரையும் கொக்கும் வாத்தும் பெரும்பாலும் மனிதன் வெட்டி, மனிதன் மடை திறந்து மூடுகிற தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. காட்டுக்குள் போய் வேலி போட்டுக் காக்கிற உயிர்கள் அல்ல இவை. கரை உடைந்தாலும், மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டாலும் விவசாயிக்கு வரும் நட்டம் அப்படியே அவற்றுக்கும் வரும். எனக்கு இதுதான் சுவாரசியம்.

வேட்டங்குடியில் நிஜமாகவே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லையா?

நிஜம்தான். மதுரையிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியில் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் மூன்றும் சேர்ந்து 38.4 ஹெக்டேர். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அதே கட்டுப்பாடுதான். வனத்துறை ஆண்டுதோறும் இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது.

ஒவ்வொரு ஐப்பசியிலும் இதைத் தியாகம் என்று செய்தியில் போடுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஊர்க்காரர்களுக்கு அதில் லாபக் கணக்கும் இருக்கிறது. மரத்தடியில் விழும் எச்சம் தண்ணீரோடு கலந்து மடை வழியே வயலுக்குப் போகிறது, உரச்செலவு குறைகிறது. வேடந்தாங்கலில் இதே கணக்கை வைத்துத்தான், துப்பாக்கிக்காரர்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர் மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798இல் பாதுகாப்பு வாங்கினார்கள். லாபம் இருப்பதால் அன்பு குறைந்துவிடாது. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் பறவைகள் சைபீரியாவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வருகின்றனவாமே?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. சில செய்தித்தாள்கள் ஆஸ்திரேலியாவையும் சேர்த்துக்கொள்ளும்.

இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவை எதுவும் சைபீரியாவிலிருந்து வந்ததில்லை. சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, பாம்புத்தாரா எல்லாம் இந்தத் துணைக்கண்டத்தில் குடியிருப்பவை. மழை எங்கே பெய்கிறதோ, எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கிறதோ அங்கே போகும். சென்ற ஆண்டு இந்தக் கண்மாயில் இருந்தது இந்த ஆண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்கலாம்.

நிஜமான வெளிநாட்டு விருந்தாளிகள் வேறு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, உள்ளான் வகைகள் வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வருகின்றன. அவை இங்கே கூடு கட்டாது. தின்று கொழுத்து, பங்குனி வாக்கில் திரும்பிப் போய்த் தம் ஊரில்தான் குஞ்சு பொரிக்கும்.

'வெளிநாட்டுப் பறவை' என்றால்தான் மதிப்பு என்ற எண்ணம் எனக்குப் பிடிக்காது. நத்தைகுத்தி நாரை நம் வயல் நத்தையைத் தின்று நம் மரத்தில் குடித்தனம் நடத்துகிறது. அதற்குப் பாஸ்போர்ட் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

எப்போது வந்தால் பார்க்கலாம்?

கார்த்திகை முதல் மாசி வரை. காலை ஆறு மணிக்கு வாருங்கள், பளிச்சென்ற சட்டை வேண்டாம். மழை பொய்த்த ஆண்டில் வந்து என்னைத் திட்டாதீர்கள்.

ஆயிரக்கணக்கில் இருப்பதை எப்படி எண்ணுகிறீர்கள்?

கூட்டத்தில் முதலில் பத்துப் பறவையை ஒழுங்காக எண்ணுவோம். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துப் போவோம். பெரிய கூட்டம் என்றால் ஐம்பது, நூறு. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கூடுகளை மட்டும் மரம் மரமாக எண்ணலாம், அது எங்கேயும் பறந்து போகாது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். இதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வருகிறவர்கள் போகிற வழியில் ஒரு கண்மாயில் கால் மணி நேரம் நின்று, பார்த்ததை ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் அதுவும் அறிவியல் தரவுதான்.

கண்மாயைத் தூர்வாரினால் பறவைகளுக்கு நல்லதுதானே?

எப்படித் தூர்வாருகிறோம் என்பதில் இருக்கிறது.

சங்குவளை நாரை கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. ஆழமில்லாத நீரில் பாதி திறந்த அலகை விட்டு நடக்கும், மீன் பட்டதும் அலகு தானாக மூடிக்கொள்ளும். அதனால் அதற்குக் கால் எட்டுகிற நீர் வேண்டும். உள்ளானுக்குக் கணுக்கால் அளவுகூட அதிகம், ஈரச் சேறு போதும். வாத்துக்கும் நீர்க்காகத்துக்கும் ஆழம் வேண்டும். பழைய கண்மாய் கரைப் பக்கம் ஆழமாகவும், உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணீர் உள்ளே வருகிற பக்கம், போகப் போக மேடேறியும் இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற ஒவ்வொரு வாரமும் ஒரு புது விளிம்பு கிடைக்கும், ஒவ்வொரு வகைப் பறவைக்கும் அதன் முறை வரும்.

பொக்லைன் வைத்துச் செங்குத்தாகத் தோண்டினால் இது போய்விடுகிறது. தண்ணீர் கொள்ளளவு கூடும், படமும் அழகாக இருக்கும், ஆனால் நாரை நிற்க இடம் இருக்காது. ஆடு மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் வழியில்லை என்று மேய்ப்பவர்களும் புலம்புவார்கள். வண்டலை மடைப் பக்கம் எடுங்கள், உள்வாய்ச் சரிவை விட்டுவிடுங்கள், நடுவில் இரண்டு மூன்று மண் திட்டை மரத்தோடு விட்டுவையுங்கள் என்றுதான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன். சில ஊரில் கேட்கிறார்கள். வண்டலை விட லோடு கணக்கில் மண் வேண்டும் என்று வருகிறவர்கள் கேட்பதில்லை.

சீமைக்கருவேலத்தை ஒட்டுமொத்தமாக வெட்டிவிடலாமா?

இதற்கு 'ஆமாம்' என்றாலும் அடி விழும், 'இல்லை' என்றாலும் அடி விழும்.

மரம் தென் அமெரிக்கப் பக்கத்தைச் சேர்ந்தது. விறகுக்காகவும் தரிசை மூடவும் கொண்டுவந்தார்கள். ஆடு மாடு காயைத் தின்று, விதை சாணத்தோடு விழுந்து, போகிற இடமெல்லாம் முளைத்தது. வெட்டினால் அடிமரத்திலிருந்து மறுபடி தழைக்கும், வேரோடு பிடுங்கினால்தான் உண்டு. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது, அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது.

கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் இருப்பதை எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, நாட்டுக் கருவேலம் போன இடங்களில் வக்காவும் கொக்கும் சீமைக்கருவேலத்தில்தான் கூடு கட்டுகின்றன. தை மாதத்தில் இயந்திரத்தை இறக்கினால் குஞ்சுகள் அத்தனையும் போகும். குஞ்சு பறந்த பிறகு, சித்திரை வைகாசியில் செய்யலாம். அப்புறம், எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலமோ நீர்க்கடம்போ நட்டு, அது வளரும் வரை பழைய மரத்தில் ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும். மூன்றாவது, நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கின்றன. அவர்களைக் கேட்காமல் போடுகிற திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும். அவர்களிடமே வேர் தோண்டும் வேலையைக் கொடுத்தால் என்ன என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறதா?

தண்ணீர் குடிப்பது உண்மை. ஆனால் எங்கள் பக்கத்தில் நான் அதிகம் கேட்கும் புகார் வேறு: தோட்டத்தில் பெய்த மழை வெளியே போகாமல் வரப்பு போட்டுவிடுகிறார்கள், கீழே இருக்கும் கண்மாய்க்கு வரத்து நின்றுபோகிறது. மரத்தைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன் வரப்பை வெட்டிவிடச் சொல்லிக் கேளுங்கள், அது ஒரே நாள் வேலை.

கண்மாய் யார் பொறுப்பு? யாரிடம் மனு கொடுப்பது?

40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உள்வாயில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட கருவேலம் வனத்துறைக் கணக்கில் வரும், வயது வந்ததும் ஏலம் விட்டு வெட்டுவார்கள். மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) இன்னொரு கணக்கு. ஆக ஒரு நாரைக் கூட்டுக்குத் தண்ணீர் ஓர் அலுவலகம், மரம் ஓர் அலுவலகம், மீன் ஓர் அலுவலகம். மனுவை மூன்று நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மர ஏலத்தைக் குஞ்சு பறந்த பிறகு வைக்கச் சொல்லி ஊராட்சித் தீர்மானம் போட்டு அதோடு இணைத்தால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மீன்பிடித் திருவிழாவை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். கண்மாய் வற்றுகிற நேரத்தில், ஊரே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்குகிற நாள் அது. பெரும்பாலான கூடுகள் அதற்குள் காலியாகிவிடும். பிரச்சினை, மீன்பாசிக் குத்தகைக்காரர் மீனைச் சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று மாசியிலேயே தண்ணீரை இறைத்து வெளியேற்றுவது. சங்குவளை நாரை ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும், குஞ்சு பறக்க அதற்கு மேல் இரண்டு மாதம் ஆகும். மரத்தடியில் தண்ணீர் நிற்கும் வரைதான் நாயும் பூனையும் நெருங்காது. தண்ணீர் போனால் இரையும் போகும், காவலும் போகும், தாய் தகப்பன் கூட்டை விட்டுவிடும். குத்தகைப் பத்திரத்தில் 'இந்தத் தேதி வரை இறைக்கக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் கூகை (ஒரு வகை ஆந்தை) அடைந்திருக்கிறது. விரட்டலாமா?

கானாடுகாத்தான், தேவகோட்டை, கோட்டையூர் என்று எல்லா ஊரிலிருந்தும் இது வரும். ஒரு ஆச்சி போனில், "ராத்திரியெல்லாம் சீறுது தம்பி, குடும்பத்துக்கு ஆகாதாம்ல" என்றார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பங்காளிகள் ஆண்டுக்கு ஒருமுறை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வந்து திறக்கிற வீடு அது. மேல்மாடி மூலையில் கூகை ஜோடி, பரணில் வௌவால், வளவில் மாடப்புறா, இரண்டாங்கட்டில் சாரைப்பாம்பு. ஆள் போன வீட்டில் மற்றவர்கள் குடியேறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கூகை எலியை முழுசாக விழுங்கி, சீரணமாகாத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டைகளைப் பொறுக்கித் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடுகள் கிடைக்கும். சுற்று வட்டாரத்தில் என்னென்ன எலி, மூஞ்சூறு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. அந்த ஆச்சிக்கு ஒரு தட்டு நிறைய எலி மண்டையைக் கழுவிக் காட்டினேன். "இம்புட்டையுமா தின்னுச்சு?" என்றவர்கள் அப்புறம் விரட்டச் சொல்லவில்லை. குஞ்சு பொரிக்கும் காலத்தில் கண்டிப்பாக விரட்டாதீர்கள். வீட்டுத் தூண் மரத்தில் எச்சம் படுகிறது என்றால் கீழே ஒரு சாக்கை விரித்துவிடுங்கள்.

அந்த மரம் என்றதும் இன்னொன்று. வீட்டுத் தூண்களெல்லாம் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன நம் ஆட்கள் எந்தக் காட்டைப் பார்த்தார்கள், அதில் என்ன குறைந்தது என்பதைச் செட்டிநாட்டு வரலாற்றோடு சேர்த்து யாராவது விரிவாக எழுத வேண்டும். பழைய கணக்கேடுகளைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் நிறைய வேலை இருக்கிறது.

மயில் கடலையைக் கொத்தி அழிக்கிறது. தேசியப் பறவை என்று சும்மா இருக்க முடியுமா?

குன்றக்குடி முருகனுக்கு வாகனம், விவசாயிக்கு நட்டம். இரண்டும் உண்மை. விவசாயி பொய் சொல்கிறார் என்று எந்த ஆய்வாளரும் பேசக் கூடாது. அதே நேரம் மயில் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விஷம் வைத்தால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. விதைத்த முதல் இரண்டு வாரமும் காய் பிடிக்கிற நேரமும்தான் சேதம் அதிகம். அந்த நாட்களில் ஆள் காவலும் வலையும் ஓரளவு பலன் தரும். முழுத் தீர்வு என்று என்னிடம் எதுவும் இல்லை.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? சம்பளம் கிடைக்குமா? (இது பெரும்பாலும் அப்பாக்கள் கேட்பது)

விலங்கியல், தாவரவியல் படித்தால் வசதி, ஆனால் வேறு பட்டம் படித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியலில் முதுகலை உண்டு. டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்திலும் பெங்களூரு தேசிய உயிரியல் மையத்திலும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். கோவை ஆனைகட்டியில் சலீம் அலி மையம் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு மத்திய அரசு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். திட்ட வேலைகளில் இதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள், திட்டம் முடிந்தால் அடுத்தது தேட வேண்டும். வட்டிக்கடை வைத்த பங்காளியோடு ஒப்பிட்டால் தாங்காது.

சேர்த்துக்கொள்ள வேண்டிய இரண்டு: புள்ளியியலும் நல்ல தமிழும். முதலாவதை எல்லாரும் சொல்வார்கள்.

யாரைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தீர்கள்?

ஏ.ஜே.டி. ஜான்சிங். 1945இல் நாங்குநேரியில் பிறந்தவர். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர், பந்திப்பூர் காட்டுக்குப் போய் 1976 முதல் 1978 வரை செந்நாய்களைப் பின்தொடர்ந்தார். காட்டில் திரியும் பெரிய ஊனுண்ணி ஒன்றை இந்திய ஆய்வாளர் ஒருவர் அப்படி நீண்ட நாள் ஆராய்ந்த முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று. பிறகு டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் 1985 முதல் 2005 வரை இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். ஓய்வு பெற்ற பிறகும் காட்டில் நடந்தார், நடந்ததை எழுதினார். 2024 ஜூனில் காலமானார். கட்டுரை எழுதி முடித்தால் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. யானை நடமாடும் வழி அடைபட்டால் உரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

ஆய்வாளருக்கு எழுத்து எதற்கு? அதுவும் தமிழில்?

நான் ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வுக் கட்டுரையைப் படிப்பவர்கள் உலகத்தில் சில நூறு பேர். அதில் ஒருவருக்கும் எங்கள் கண்மாயின் மடையைத் திறக்கவோ மூடவோ உரிமை கிடையாது. உரிமை உள்ளவர்கள் தமிழில் படிக்கிறார்கள். என் கணக்கு இவ்வளவு எளிமை.

காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் ஆங்கிலப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். அவர் தமிழைப் படித்தால், பறவையைப் பற்றி எழுத உருகத் தேவையில்லை, பார்த்ததைச் சரியாகச் சொன்னால் போதும் என்று புரியும். எனக்குச் சலிப்பூட்டுவது மேடைப் பேச்சு. பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படும் பிறான்மலைப் பக்கம் எந்த விழாவுக்குப் போனாலும் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததில் தொடங்குவார்கள். சரி, கொடுத்தான். இப்போது அந்த மலை அடிவாரத்து வரத்துக்காலில் கிடக்கும் கட்டடக் கழிவை யார் அள்ளுவது என்று கேட்டால் அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

எழுதியதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் மடை திறந்து நீர் பாய்ச்சும் ஒரு நீர்க்கட்டியிடமோ ஆடு மேய்ப்பவரிடமோ வாசித்துக் காட்டுவது என் வழக்கம். கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்) எந்தப் பக்கம், காற்று எந்த மாதம் திரும்பும் என்பதில் அவர்களை ஏமாற்ற முடியாது.

புத்தகத்தில் வருமானம் வருகிறதா?

டீச்செலவுக்கு வரும்.

நாரைக் குஞ்சு கீழே விழுந்து கிடக்கிறது. என்ன செய்வது?

முதலில் நாயை விரட்டுங்கள், செல்போனை உள்ளே வையுங்கள். காயம் இல்லை, கிளை எட்டுகிறது என்றால் துணியால் பிடித்து அதே மரத்தில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. அலகிலிருந்து கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள், பயந்த நாரை முகத்தைத்தான் குத்தும். காயம் இருந்தால் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

எங்கள் பள்ளிக்கு வந்து பேசுவீர்களா?

வருவேன், கட்டணம் இல்லை. ஆனால் மண்டபத்தில் புரொஜெக்டர் போட்டுப் பேசச் சொல்லாதீர்கள். பள்ளிக்குப் பக்கத்தில் எந்தக் கண்மாயில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லுங்கள், பிள்ளைகளை ஏழு மணிக்குக் கரைக்குக் கூட்டி வாருங்கள். ஒரு வகுப்புக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். சால்வை, நினைவுப் பரிசு வேண்டாம். அந்தப் பணத்தில் பள்ளிக்கு ஒரு பைனாகுலர் வாங்கி வைத்தால் நான் போன பிறகும் பிள்ளைகள் பார்ப்பார்கள்.